தலைமயிர் மோதிரம்

இராசலட்சுமியை ஏமாற்றுவதென்றால் இன்னொரு தரம் பிறந்துதான் வரவேண்டும் என்று ஹோர்சன்ஸ் நகரத்துத் தமிழ்ச் சனங்கள் சொல்வார்கள். பால் பெட்டியில் அடித்திருக்கும் திகதியை மூன்று தரம் வாசிப்பாள். கடையில் ஆட்டிறைச்சி என்று எழுதியிருந்தால், மாடாக இருக்குமோ என்று கடதாசியோடு சேர்த்து மணந்து பார்ப்பாள். தொலைபேசியில் ஊருக்குக் கதைக்கும்போது முக்கியமான இடத்தில் குரலைத் தாழ்த்திவிடுவாள். ஒட்டுக் கேட்கிறவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் என்ன செய்வது?

இது அவளுடைய பிறவிக் குணமல்ல, ஏஜென்சிக்காரன் ஏற்றிவிட்ட குணம். மட்டக்களப்பில் பஸ் டிப்போ மெக்கானிக் கோணேசனின் மனைவியாக, நாலு வயது நிலுஷாவின் தாயாக இருந்தவளை, 1986 செப்டெம்பரில் அவன் மொஸ்கோ, கிழக்கு பேர்லின் என்று சுற்றிக் கொண்டுவந்து டென்மார்க்கில் இறக்கிவிட்டான். முதலில் மனுசி போகட்டும், அடுத்த மாதம் புருசனும் பிள்ளையும் பின்னால் வரட்டும் என்பது அவன் போட்ட கணக்கு. அடுத்த மாதம் டென்மார்க் சட்டத்தை மாற்றியது. விசா இல்லாமல் எல்லைக்கு வருகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்பலாம் என்றாகிவிட்டது. மனுசி கதவுக்கு உள்ளே, புருசனும் பிள்ளையும் வெளியே. ஏஜென்சிக்காரனுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பதில் இராசலட்சுமிக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்குச் சந்தேகமில்லாத விஷயங்கள் எல்லாம் இந்த வகைதான்.

இருப்பதற்கு அனுமதி கிடைத்ததும், 1987 மே மாதம், புருசனையும் பிள்ளையையும் எடுப்பதற்கு விண்ணப்பம் போட்டாள். அகதியாக ஏற்கப்பட்டவள் குடும்பத்தை எடுப்பது சட்டப்படியான உரிமை. சில மாதங்கள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். பொறுத்தாள். அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தலைப்பில் இராசமுடி போட்ட கடிதம். உங்கள் விண்ணப்பம் எங்களிடம் இருக்கிறது, வேலை அதிகமாக இருப்பதால் தாமதமாகிறது என்று எழுதியிருந்தது. உலகத்தில் எல்லாவற்றையும் மணந்து பார்த்தவள் அந்தக் கடிதத்தை மட்டும் மணந்து பார்க்கவில்லை. இராச முத்திரை போட்டவன் பொய் எழுதமாட்டான் என்று நம்பி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

கொமூன என்கிற நகரசபை அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்துக் கொடுத்தது. அறை துடைக்க வேண்டும், படுக்கை மாற்ற வேண்டும், ஏலாதவர்களுக்குத் தலை சீவி இழுத்துவிட வேண்டும். அங்கே அவளுக்கு விதித்த வரிசையின் கடைசி அறையில் கத்தரீனா இருந்தாள். எண்பத்தாறு வயது. முழங்கால் மடங்காது, ஆனால் விரல்கள் இருபது வயதுக்காரியைப் போல ஓடும். இடது கையில் ஒரு மோதிரம் போட்டிருந்தாள். பொன் வளையத்தைச் சுற்றி வெள்ளை எனாமல், நடுவில் சின்னக் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே வைக்கோல் நிறத்தில் பின்னிய ஏதோ ஒன்று.

அந்த ஏதோ ஒன்று தலைமயிர் என்று தெரிந்த நாளில் இராசலட்சுமிக்குக் கை கூசியது. அதே இல்லத்தில் சமையலறையில் வேலை செய்த தேவமலர்தான் டேனிஷைத் தமிழாக்கிச் சொன்னாள். தேவமலரும் மட்டக்களப்புத்தான், பெந்தெகொஸ்தே சபைக்காரி, இரண்டு வருடம் முந்தி வந்தவள். கத்தரீனாவுக்கு முன் பிறந்து ஐந்து வயதில் செத்துப்போன அண்ணன் ஒருவன் இருந்தானாம். அவனுடைய மயிரைத் தாய் பின்னி இந்த மோதிரத்தில் வைத்துச் சாகும்வரை போட்டிருந்தாளாம். உள்பக்கம் பேரும் செத்த திகதியும் வெட்டியிருக்கிறதாம். அந்தக் காலத்தில் செத்தவரின் ஞாபகமாக மோதிரம் செய்து உறவுக்காரருக்குக் கொடுக்கிற வழக்கம் இருந்ததாம். பெரியவர்களுக்குக் கறுப்பு எனாமல், சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளை. நான் பார்க்காத அண்ணனோடு எழுபது வருடமாக இருக்கிறேன் என்று கத்தரீனா மோதிரத்தைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

இராசலட்சுமிக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. அவளுடைய சனம் சாவு விழுந்த வீட்டில் நகையைக் கழற்றும். இவர்கள் போடுகிறார்கள். அவளுடைய சனம் செத்தவரின் உடம்பில் ஒரு நூல்கூட மிஞ்சாமல் எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் விட்டு, வீட்டைக் கழுவித் தலைமுழுகும். இவர்கள் செத்தவரைக் கண்ணாடி போட்டு விரலில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அன்றிலிருந்து கத்தரீனாவின் இடது கையைத் தொட நேர்ந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டாள்.

வேலை முடிந்து போகும்போது கத்தரீனாவின் அறைக் கண்ணாடியில்தான் இராசலட்சுமி தலை இழுப்பாள், உடுப்பு மாற்றும் அறையில் கண்ணாடி இல்லை. இடுப்புக்குக் கீழே விழும் தலைமயிர் அவளுக்கு. சீப்பில் வந்ததைச் சுருட்டி, தூ தூ என்று துப்பி எறிவது தாய் பழக்கிய பழக்கம். கழிந்த மயிர் பிறத்தியார் கையில் கிடைத்தால் செய்வினை வைப்பார்கள், துப்பிவிட்டால் அது பலிக்காது. ஆனால் வெள்ளைக்காரக் கிழவிக்கு முன்னால் அவளுடைய குப்பைக் கூடையில் துப்புவது எப்படி? வெட்கப்பட்டுத் துப்பாமலே போட்டுவந்தாள்.

1988 அப்படியே நகர்ந்தது. விண்ணப்பம் அசையவில்லை. அவளுக்குப் பிறகு வந்த ஈரான்காரனின் மனைவி வந்து சேர்ந்து, வயிற்றில் பிள்ளையும் ஆகிவிட்டாள். போதாததற்கு ஒக்டோபரிலிருந்து கோணேசனின் கடிதமும் நின்றது. கோணேசனின் தம்பி தவராஜாதான் எழுதினான். அண்ணைக்குக் கையில் காயம், பேனை பிடிக்க ஏலாது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதினான். தபால் நிலையத்துக்குக் கூப்பிட்டுத் தொலைபேசியில் கதைக்கலாம் என்றால், அண்ணை வெளியே போய்விட்டார் என்றான்.

கையில் காயம் என்றால் வாய்க்கு என்ன? இராசலட்சுமி இரவு பகலாக யோசித்து முடிவுக்கு வந்தாள். புருசனுக்கு வேறு தொடுப்பு வந்துவிட்டது. பக்கத்து ஒழுங்கையில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி இருந்தாள், பார்க்க லட்சணமானவள், அவளாகத்தான் இருக்கும். அந்த முகம் தெரிந்த பெண்ணை ஹோர்சன்ஸில் இருந்தபடியே வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிவிட்டு அழுதாள். இரண்டு வருடம் தனியே கிடந்த ஆம்பிளையை எப்படிக் குற்றம் சொல்வது என்று அவனுக்காக வாதாடியும் பார்த்தாள்.

இந்த நேரத்தில்தான் அது கண்ணில் பட்டது. நவம்பரில் ஒரு பகல், கத்தரீனாவைக் குளிக்கக் கொண்டுபோயிருந்தார்கள். மேசை துடைக்கும்போது தையல் பெட்டியின் மூடி சரிந்து விழுந்தது. உள்ளே ஒரு மட்டையில் நீளக் கறுப்பு மயிர், சிக்கெடுத்து, கழுவி, இழை இழையாகப் பிரித்துச் சுற்றியிருந்தது. பக்கத்தில் பாதி பின்னிய வளையம். மட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: ராசா. இல்லத்தில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு நரைத்த தலைகளும் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் தலைகளும் உள்ள அந்தக் கட்டடத்தில் இப்படி மயிர் ஒரேயொருத்திக்குத்தான் உண்டு.

பெட்டியைப் பட்டென்று மூடினாள். மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்துச் சனம் பயப்படும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு ஒரு டேனிஷ் கிழவி செய்வினை வைத்திருக்கிறாள். மயிர் எடுத்தாயிற்று, பேர் எழுதியாயிற்று, முடிச்சும் விழுந்துகொண்டிருக்கிறது. விண்ணப்பம் ஏன் அசையவில்லை, புருசனின் கடிதம் ஏன் நின்றது, எல்லாவற்றுக்கும் ஒரே விடை மட்டையில் சுற்றியிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்குப் பேய் கையெழுத்தோடு கிடைத்திருக்கிறது.

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்துப் புரொண்பியில் குணசேகரம் என்று ஒருவர் இருந்தார். பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, மற்ற நேரத்தில் தொலைபேசியில் செய்வினைக்குக் கழிப்புக் கழிப்பார். இராசலட்சுமி பதறிப் பதறிச் சொன்னதை முழுவதும் கேட்டார்.

“பேரும் எழுதிக் கிடக்குதோ, பிள்ளை?”

“ஓம் அண்ணை. என்ரை பேர்தான்.”

“அப்ப இது கட்டு. உன்ரை ஆள் வராமல் கட்டியிருக்கு. திருப்பி எடுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் போட்டு எரிச்சுப்போடு.”

அடுத்த நாள் மட்டையையும் பாதி மோதிரத்தையும் உடுப்புக்குள் ஒளித்து எடுத்துவந்தாள். மத்தியானம் வீட்டில் பழைய தாச்சிச் சட்டியில் போட்டு எரித்தாள். மிளகாய்ப் புகை மாடிப்படி வழியே இறங்கிக் கீழ்வீட்டுக் குடும்பத்தை இருமவைத்தது. அவர்கள் கதவைத் தட்டினார்கள். இராசலட்சுமி கண்ணீரும் மூக்குச்சளியுமாகக் கதவைத் திறந்து, சமையல் என்றாள். இந்தச் சனம் எதைத்தான் சாப்பிடுகிறதோ என்று அவர்கள் திரும்பிப் போனார்கள்.

கத்தரீனா பெட்டிக்குள் தேடி அழுதாள். பொறுப்பாளர் அம்மா வேலைக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டபோது, இராசலட்சுமி ஒளிக்கவில்லை. களவு என்று பேர் வாங்கினால் விண்ணப்பத்துக்கு ஆபத்து என்ற பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. தேவமலரை இழுத்துக்கொண்டு கிழவிக்கு முன்னால் போய் நின்றாள். என்னுடைய மயிரை எடுத்து என் புருசனை வராமல் கட்டியது இவள்தான், கேள் என்றாள். தேவமலர் வெட்கத்தில் குறுகி, பாதியை விழுங்கி மீதியைச் சொன்னாள். விழுங்கியது போக வந்ததே போதுமாக இருந்தது. கத்தரீனாவின் முகம் வெளிறிப்போனது.

அவள் சொன்ன மறுமொழியைத் தேவமலர் மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

“அது உன்ரை புருசனுக்கு அனுப்பவாம். இவவின்ரை தகப்பன் கப்பல்காரனாம். வருசக்கணக்கா வரமாட்டாராம். தாய் தன்ரை தலைமயிரிலை செயின் பின்னிக் குடுத்தனுப்பினவவாம். செத்தவைக்கு மட்டும் இல்லையாம், தூரத்திலை இருக்கிறவைக்கும் செய்வினமாம்.”

இராசலட்சுமி அதையும் நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவள் கதை கட்டுகிறாள் என்றே நினைத்தாள். பொறுப்பாளர் அம்மா அவளை வேலையால் நிறுத்தவில்லை. ஆனால் கீழே துணி துவைக்கும் அறைக்கு மாற்றி, கத்தரீனாவின் அறைப்பக்கம் போகக்கூடாது என்றார். மெஷின்களுக்கு நடுவே நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு, இனிப் பார், எல்லாம் அசையும் என்று இராசலட்சுமி காத்திருந்தாள்.

அசையத்தான் செய்தது. 1989 பிறந்ததும் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தி பரவியது. குணசேகரத்துக்குத் தொலைபேசி எடுத்து நன்றி சொன்னாள். பேய் பிடித்ததும் சரி, ஓட்டியதும் சரி என்று இருந்தவளிடம், வசந்தத்தில் ஒரு நாள் தேவமலர் பேப்பரோடு வந்தாள். வாசித்துத் தமிழில் சொன்னாள். தமிழர்களின் குடும்பங்களை எடுக்கும் விண்ணப்பங்களைப் பார்க்கவேண்டாம், ஒரு பக்கத்தில் வையுங்கள் என்று 1987 செப்டெம்பரில் நீதி மந்திரியே வாயால் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக அவை கிடந்திருக்கின்றன. சட்டம் தந்த உரிமையைச் சட்டத்துக்குப் பொறுப்பானவரே மறித்திருக்கிறார்.

“திரும்பி வாசி,” என்றாள் இராசலட்சுமி. தேவமலர் வாசித்தாள். இன்னொரு தரமும் வாசிக்கச் சொன்னாள். பிறகு எழுந்துபோய்ச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த கடிதத்தை எடுத்தாள். வேலை அதிகமாம். தாமதமாம். ஊரெல்லாம் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் விளக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். வெட்கம் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வெட்கத்தில் கத்தரீனாவின் வெளிறிய முகமும் இருந்தது. ஆனாலும் மேல்மாடிக்குப் போகக் கால் எழவில்லை.

ஜூன் மாதம் அனுமதி வந்தது. கோணேசன், நிலுஷா, இரண்டு பேருக்கும். தவராஜா தொலைபேசியில் பிள்ளை முதலில் வருகிறாள், தெரிந்த குடும்பம் ஒன்றோடு அனுப்புகிறோம், அண்ணையின் பயணம் பிறகு என்றான். இராசலட்சுமிக்கு நெஞ்சு கசந்தது. அந்த ஒழுங்கைக்காரியை விட்டுவர மனமில்லை, வேறென்ன?

கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வந்து நின்றது. படத்தில் பார்த்ததைவிட உயரம், பல் விழுந்த வாய். தாயைக் கட்டிப்பிடிக்கவில்லை, கையை மட்டும் கொடுத்தது. ரயிலில் ஏறியதிலிருந்து ஒரே கேள்வி, வீடு வந்துவிட்டதா? ரிங்ஸ்டெட் தாண்டியதும் கேட்டது. கொர்சோரில் கடல் கடக்க ரயில் கப்பலுக்குள் ஏறியபோதும் கேட்டது. கப்பலின் மேல்தட்டில் சனங்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை எதையோ மறைக்கிறது என்று இராசலட்சுமிக்குப் பட்டது. பிள்ளையிடமா விசாரணை என்று மனம் சொன்னது. வாய் அடங்கவில்லை.

“அப்பாவோடை வீட்டிலை ஆர் இருக்கினம், மகள்?”

“ஒருத்தரும் இல்லை.”

“எனக்குப் பொய் சொல்லக்கூடாது. ஆர் இருக்கினம்?”

“அப்பாவே இல்லை, அம்மா,” என்றது பிள்ளை. “வீட்டை போனாப் பிறகுதான் சொல்லவேணுமெண்டு சித்தப்பா சொன்னவர். வீடு இன்னும் தூரமா?”

போன வருடம் புரட்டாதியில் கோணேசன் வேலைக்குப் போன பஸ்ஸை மறித்து, அவனோடு சேர்த்து ஆறு பேரை இறக்கியிருக்கிறார்கள். இறக்கியது யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை. மூன்றாம் நாள் வெடிச்சத்தம் கேட்டது என்று சிலர், அதற்குப் பிறகும் ஒரு முகாமில் கண்டோம் என்று சிலர். உடம்பு கிடைக்கவில்லை. வெளிநாட்டில் தனியே இருக்கிறவளுக்குச் செத்தவீட்டுச் செய்தியை அனுப்பக்கூடாது, விழுந்தால் தூக்க ஆளில்லை என்பது நம்முடைய சனங்களின் நியாயம். அந்த நியாயத்தில் பத்து மாதம் அவள் பொட்டு வைத்தாள், பூவுக்குப் பதில் கிளிப் குத்தினாள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செத்தவனை நாளும் பொழுதும் சந்தேகப்பட்டாள். கப்பலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இராசலட்சுமி பெரிதாகக் குரல் எடுத்து அழுதாள். கோப்பி குடித்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஐயோ, உன்னையா நான் சந்தேகப்பட்டேன் என்று அவள் சொல்லி அழுதது பிள்ளையைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை.

தாலியைக் கழற்ற வேண்டும் என்றார்கள் ஊர்ப் பெண்கள். கழற்றினாள். கழற்றியதைக் கோயில் உண்டியலில் போடலாம், பிள்ளைக்கு எதையாவது செய்யலாம் என்றார்கள். அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மேல்மாடிக்குப் போனாள்.

கத்தரீனா அவளைக் கண்டதும் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சும்மா திரும்பிப் போகிற ஆளில்லை இராசலட்சுமி. தரையில் குந்தி, தனக்குத் தெரிந்த டேனிஷில் எல்லாவற்றையும் சொன்னாள். வினைச்சொற்களைத் தப்பும் தவறுமாக அடுக்கி, புருசன் செத்ததைச் சொல்லி, எரித்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள். அதன்பிறகுதான் கிழவி திரும்பினாள். இப்போதும் என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று கேட்டாள். கொஞ்சம் என்றாள் இராசலட்சுமி. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? கத்தரீனா சிரித்தது அப்போதுதான்.

இராசலட்சுமி கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினாள். இதில் ஒரு மோதிரம் செய்யவேண்டும், உங்களுடையதைப் போல. ஆனால் அவருடைய தலைமயிர் ஒன்றுகூட என்னிடம் இல்லை, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

“மயிர் இல்லாவிட்டால் பரவாயில்லை,” என்றாள் கத்தரீனா. “பேரும் செத்த திகதியும் உள்ளே வெட்டவேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் நகைதான்.”

“திகதி தெரியாது.”

கத்தரீனா தன் மோதிரத்தைக் கழற்றி, உள்ளே பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட ஒரு திகதி இருந்தது.

தாலிப்பொன்னில் செத்தவர் மோதிரமா என்று சனம் வாயில் கை வைத்தது. கழற்றவேண்டியதைக் கழற்றியாயிற்று, போடுவது என் விருப்பம் என்று சொல்லிவிட்டாள். செப்டெம்பரில் நிலுஷாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, நகரத்துப் பொற்கொல்லனின் கடைக்குத் தனியே போனாள். உருக்கும்போது கண்முன்னாலே உருக்கவேண்டும் என்று அடம்பிடித்து, பக்கத்திலே நின்று பார்த்தாள். வளையம் வந்தபிறகு, உள்ளே வெட்டவேண்டியதைக் கடதாசியில் எழுதி நீட்டினாள். கோணேசன். 1987 செப்டெம்பர். பஸ்ஸை மறித்ததற்கு ஒரு வருடம் முந்திய மாதம் அது.

பொற்கொல்லன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். கலியாணமா, பிறந்ததா என்று கேட்டான்.

“செத்தது,” என்றாள்.

மாதமும் வருடமும்தான் இருக்கிறது, நாளைக் காணோமே என்றான் அவன், எழுதுகோலை எடுத்துக்கொண்டு.

“பேப்பரிலை மாசம் மட்டுந்தான் போட்டிருந்தவை,” என்றாள் இராசலட்சுமி. “நாளை உங்கடை மந்திரியிட்டைத்தான் கேக்கவேணும்.”